கொலுசுக்குப் புது டிசைன் வேணும், வெளியாளை உள்ள விடலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் எங்களுக்கு கொலுசு பட்டறை. மாமனார் ஆரம்பிச்சது, 7 பேர் வேலை செய்யறாங்க, ஆர்டர் போன் எல்லாம் இப்ப நான்தான் பாக்குறேன். மூணு வருசமா வியாபாரிங்க வந்து சாம்பிள் தட்டைப் பாத்துட்டு "புதுசா ஒன்னும் இல்லையா"ன்னு கேட்டுட்டு போயிடறாங்க. வீட்டுக்காரர் ஆன்லைன்ல டிசைன் போட்டி வெச்சு 25,000 ரூபா பரிசு குடுக்கலாம்ங்கிறார். எங்க அக்கா பையன் ஏஐல நூறு படம் எடுத்து அனுப்பிட்டான். மாமனார், வெளியாளை உள்ள விட்டா நம்ம மாடல் எல்லாம் ஒரே வாரத்துல தெருவுக்கு வந்துரும்ங்கிறார், 90ல அவர் செஞ்ச ஒரு மாடலை தர்மபுரி பக்கம் இன்னைக்கும் கேட்டு வாங்கறாங்கன்னு அதையே சொல்லிட்டு இருக்கார். பட்டறைல பத்த வைக்கிற (வெள்ளிப் பாகங்களைச் சூடு காட்டி ஒட்டற) மூத்த அண்ணன் எதைக் காட்டினாலும் "இது ஆகாதும்மா"ன்னுடறார். நான் யார் பேச்சைக் கேக்க? பேர் போட வேண்டாம்.

பதில்: வணக்கம் தங்கச்சி. லெட்டர்ல போட்டி, ஏஐ எல்லாம் பெருசா எழுதிட்டு கடைசில சும்மா ஒரு வரில ஒரு ஆளைச் சொல்லியிருக்கீங்களே, "ஆகாதும்மா" அண்ணன், எனக்கு அங்கதான் கண்ணு போச்சு. அவருக்கு எப்படி கூலி குடுக்கறீங்கன்னு எழுதல, ஆனா நம்மூர் பட்டறைங்கள்ல நான் பாத்த வரைக்கும் ஜோடிக் கணக்கு இல்லன்னா எடைக் கணக்குதான். அப்ப யோசிச்சுப் பாருங்க, பழகின மாடல்னா கை தானா ஓடும், பேசிக்கிட்டே செஞ்சு முடிச்சுருவார், புது சாம்பிள்னா ஒரு ஜோடிக்கே ஒன்றரை நாள் போகும், மூணு தடவ பிச்சு மறுபடி பத்த வைக்கணும், சேதாரம் கூடினா மாமனார் முகத்தைத் தூக்கி வெச்சுக்குவார், அந்த வாரம் சனிக்கிழமை கைல வர்ற காசும் கம்மி. இந்தக் கணக்குல நானே உக்காந்திருந்தாலும் ஆகாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நிறைய பட்டறைல ஐடியா பஞ்சம்னு நினைச்சுட்டு இருக்கறது உண்மைல கூலிப் பஞ்சம்தாங்க.

அதனால வெளியாளைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை, சாம்பிள் செய்யற நாளுக்கு மட்டும் நாள் சம்பளம்னு மாத்துங்க. மாசத்துல ரெண்டு நாள் போதும். அன்னைக்கு எத்தனை ஜோடி ஆச்சுன்னு யாரும் கேக்கக் கூடாது, சேதாரத்தைத் தனி நோட்டுல எழுதுங்க. வெள்ளி எங்கயும் ஓடிப் போறதில்ல, சரியா வரலன்னா மறுபடி உருக்கிக்கலாம், போறது கூலியும் கொஞ்சம் சேதாரமும்தான். இதைச் செய்யாம பம்பாய்ல இருந்து பெரிய டிசைனரையே கொண்டாந்து உக்கார வெச்சாலும் அண்ணன் அதே ரெண்டு வார்த்தையைத்தான் சொல்லப் போறார்.

இப்ப வெளியாள் விசயம். கூப்பிடணும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, முப்பது வருசம் ஒரே தட்டைப் பாத்த கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். ஆனா அவங்ககிட்ட என்ன கேக்கறீங்கங்கிறதுலதான் காசு நிக்கறதும் போறதும். "புதுசா ஏதாவது பண்ணிக் குடுங்க"ன்னு கேட்டா புதுசா ஏதாவதுதான் வரும்.

எனக்கே பட்டது இது. பத்து பன்னெண்டு வருசம் முன்னாடி ஒரு பட்டறைக்கு வெளியூர்ல இருந்து ஒரு டிசைனர் பையனைக் கூட்டிட்டு வந்தேன், நல்ல திறமைசாலி. "இயற்கையா, புதுசா"ன்னு நான்தான் வாயை விட்டேன். வேப்பிலை மாதிரி நுனி கூரா இலை தொங்கற ஒரு கொலுசு வரைஞ்சான், பேப்பர்ல பாத்தா கண்ணை எடுக்க முடியல, உடனே 40 ஜோடி போட்டோம். கடைல போட்டுப் பாத்த முதல் பொண்ணுக்கே புடவை ஃபால்ஸ்ல இலை மாட்டிக்கிச்சு, அடுத்த பொண்ணுக்கு லெக்கின்ஸ் நூலை இழுத்துடுச்சு, மாசம் முடியறதுக்குள்ள 40 ஜோடியும் உருக்கறதுக்குத் திரும்பி வந்துச்சு. பட்டறைக்கு டீ கொண்டு வர்ற அம்மா முதல் நாளே அந்தப் படத்தைப் பாத்துட்டு "இது மாட்டுமே கண்ணு"ன்னு சொல்லியிருக்காங்க, ஒருத்தரும் காதுல வாங்கல. பையன் மேல தப்பில்ல, அவன் வாழ்க்கைல கொலுசு போட்டவன் இல்ல. நான் போட்டவ, நான்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்.

அதனால கேள்வியை நீங்க எழுதணும். ஒரு பக்கம் போதும். உங்க பட்டறைக்கு நான் எழுதினா இப்படி இருக்கும்: ஜோடி 45 கிராமைத் தாண்டக் கூடாது, ஏன்னா வெள்ளி விலை ஏறின ஏத்தத்துக்கு வாங்கறவங்க டிசைனுக்கு முன்னாடி எடையைத்தான் கேக்கறாங்க. வேலைக்குப் போற 22ல இருந்து 30 வயசுப் பொண்ணு கழட்டாம தினமும் போடணும், ஆபீஸ்ல நடந்தா சத்தம் கேக்கக் கூடாது, அதுக்காக முத்தே இல்லாம மொட்டையாவும் இருக்கக் கூடாது. பேன்ட்ல, புடவைல, சாக்ஸ்ல எதுலயும் மாட்டக் கூடாது. நம்மகிட்ட இருக்கிற டைல (அச்சுல) இருந்தே பாதி பாகமாவது வரணும், புது டை ஒன்னுக்கு மேல வெட்ட மாட்டோம். கை பழகினப்புறம் ஒரு ஆள் ஒரு நாளைக்கு இத்தனை ஜோடி முடிக்கணும். அந்த எண்ணிக்கையை மட்டும் அண்ணன்கிட்ட கேட்டு எழுதுங்க, மாமனார்கிட்ட கேக்காதீங்க, அவர் கூட்டிச் சொல்லுவார்.

இவ்ளோ கட்டுப்பாடு போட்டா கற்பனை வராதுன்னு உங்க வீட்டுக்காரர் சொல்லலாம். மார்கழில "15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை"ன்னு ஒரே கணக்கைக் குடுத்தா தெருவுல ஆளுக்கு ஒரு கோலம் போடறாங்களா இல்லையா, அவரையே வாசல்ல வந்து பாக்கச் சொல்லுங்க.

அப்புறம் வெளியாளைக் கூட்டிட்டு வந்து வேலை வாங்கறது நம்ம சேலத்துக்குப் புதுசு இல்ல. ஏற்காடு ரோட்டுல போறப்ப மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்னு நிக்குதே, டி.ஆர்.சுந்தரம் 1930கள்ல ஆரம்பிச்ச ஸ்டூடியோ. 1950ல அங்க இருந்து வந்த மந்திரி குமாரியோட டைரக்டர்கள்ல ஒருத்தர் எல்லிஸ் ஆர். டங்கன்னு ஒரு அமெரிக்காக்காரர், மனுசனுக்குத் தமிழ் தெரியாது. வசனம் கருணாநிதி, அப்ப 25, 26 வயசு, அவரும் சேலத்துக்காரர் இல்ல. கேமராவை எங்க வெக்கணும்னு ஒருத்தருக்குத் தெரியும், யார் என்ன பேசணும்னு இன்னொருத்தருக்குத் தெரியும், ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழ கொண்டாந்து வேலையை முடிக்க வெக்கறதுக்கு ஒரு முதலாளி இருந்தார். உங்க பட்டறைல அந்த மூணாவது ஆள் நீங்கதான், மாமனார் இல்ல, வீட்டுக்காரரும் இல்ல. இதை வீட்ல படிச்சுக் காட்டாதீங்க.

போட்டி வெக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இந்த மாதிரி சைட்டுங்க ரொம்ப நாளாவே இருக்கு, மெல்போர்ன்ல 2008ல ஆரம்பிச்ச 99டிசைன்ஸ் இதுல பேர் போனது, நீங்க பரிசுத் தொகையும் தேவையும் போட்டா எங்கெங்கயோ இருந்து ஆளுங்க வரைஞ்சு அனுப்புவாங்க, பிடிச்சதுக்குக் காசு, மத்தவங்களுக்கு ஒன்னும் கிடையாது. லோகோ வேணும், கொலுசு வெக்கற பெட்டிக்கு டிசைன் வேணும்னா தாராளமா வெக்கலாம், நானே சிலருக்குச் சொல்லியிருக்கேன். கொலுசுக்கு வேணாம். அனுப்பறவங்கள்ல முக்கால்வாசி பேர் பத்த வைக்கிறதுன்னா என்னன்னே பாத்திருக்க மாட்டாங்க, காசு கிடைக்குமா கிடைக்காதான்னே தெரியாத வேலைக்கு யாரும் உங்க பட்டறையைப் பத்தி அரை மணி நேரத்துக்கு மேல யோசிக்கவும் மாட்டாங்க, அது அவங்க தப்பும் இல்ல. அதோட பல போட்டில வர்ற படம் எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கும், அதுல ஒரு சட்டச் சிக்கல் இருக்கு, கீழ சொல்றேன்.

இன்னொரு வழியும் யாராவது சொல்லுவாங்க, எல்லாரையும் ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போய் ரூம் போட்டு யோசிக்கலாம்னு. ஒரு கம்பெனிக்காக நான் அதையும் செஞ்சு பாத்துட்டேன், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் லேடீஸ் சீட்ல மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம், சாயந்தரம் பனி இறங்கினதும் எல்லாரும் போர்வைக்குள்ள போயிட்டாங்க. பஜ்ஜி நல்லா இருந்துச்சு.

சரி யாரைத்தான் கூப்பிடறது. நான் சொல்ற முதல் ஆளைக் கேட்டா சிரிப்பீங்க, உங்க ஏரியால கல்யாண வீட்டுக்கு மெஹந்தி போடற பொண்ணு. கணுக்கால் எங்க மேடு எங்க பள்ளம், கொலுசு எந்த இடத்துல வந்து உக்காரும், நடந்தா எந்தப் பக்கம் நகரும்னு அந்தப் பொண்ணு அளவுக்குக் கிட்ட இருந்து பாத்தவங்க யாரும் கிடையாது. ஒரு சீசனுக்கு எத்தனை கால் பாத்திருப்பா! அதுவும் எப்படிப்பட்ட காலு, முகூர்த்தத்துக்குத் தயாராகற காலு, கொலுசு வாங்கற காலு. மணப்பொண்ணுங்க போன்ல எந்தப் படத்தைக் காட்டி "இது மாதிரி"ன்னு கேக்கறாங்கன்னு அவளுக்குத் தெரியும், அந்தத் தகவல் வியாபாரிங்ககிட்ட இருந்து உங்களுக்கு வர்றதுக்கு ஒரு வருசம் ஆகும். கோன் பிடிச்ச கை ஒரே கோட்டுல வளைஞ்சு வளைஞ்சு போகும், எடுத்து எடுத்து வெக்காது, கம்பி வேலைக்கு அது அப்படியே பொருந்தும். ரெண்டு நாள் பட்டறைல வந்து உக்காரச் சொல்லி, அந்த ரெண்டு நாளைக்கு அவ மெஹந்தி போட்டா என்ன சம்பாதிப்பாளோ அதைக் குடுங்க. படத்தைப் பேப்பர்ல வேணாம், உங்க கால்லயே மெஹந்தியா போடச் சொல்லுங்க, அண்ணன் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும், "இந்த வளைவு கம்பில வரும், இது வராது"ன்னு அங்கயே பேச்சு முடிஞ்சுரும். தினமும் ஜீன்ஸோட போடற கொலுசுக்கு கல்யாண மெஹந்தி கை ஜாஸ்தியாத்தான் வரைஞ்சு தள்ளும், அதை முதல்லயே சொல்லி நிறுத்திடுங்க.

ரெண்டாவது, நம்மூர்லயே இந்திய கைத்தறி தொழில்நுட்பக் கல்லூரி இருக்கு, 1960ல இருந்து நடக்குது, ஆனா கொலுசுக்காரங்க யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பாத்ததா நான் கேள்விப்படல. நெசவு டிசைன் கத்துக்கற பிள்ளைங்க கட்டம் போட்ட பேப்பர்ல பார்டர் போடுவாங்க, ஒரு சின்ன உருவம், அது திரும்பத் திரும்ப வரணும், சேர்ற இடம் தெரியக் கூடாது. கொலுசும் அதேதானே, ஒரு கண்ணியைச் செஞ்சு அதையே திரும்பத் திரும்பக் கோக்கறோம். சேலம் வெண்பட்டு புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, அந்த வேட்டிக் கரையைக் கொலுசுல கொண்டு வர முடியுமான்னு ஒரு பிள்ளைகிட்ட குடுத்துப் பாருங்களேன், வருமோ வராதோ, எனக்கு ஆசையா இருக்கு. துறைத் தலைவருக்கு ஒரு லெட்டர் எழுதி, ஒரு பக்கக் கேள்வியையும் கூட வெச்சுக் குடுத்தா ப்ராஜெக்டா எடுத்துக்க வாய்ப்பிருக்கு. சென்னை தரமணி நிஃப்ட் ஃபேஷன் காலேஜ்ல இருந்தும் பிள்ளைங்களைக் கேக்கலாம், ஆனா தங்க, சாப்பிட செலவாகும், அது ரெண்டாவது வருசம் பாத்துக்கலாம்.

அக்கா பையன் அனுப்பின நூறு படத்தையும் தூக்கிப் போடாதீங்க. அது டிசைன் கிடையாது, பாதிப் படத்துல கண்ணி கண்ணியோட சேந்தே இருக்காது, திருகாணி எங்க வருதுன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது, தடிமனும் எடையும் கிடையாது. ஆனா பேச்சை ஆரம்பிக்க உதவும். பத்துப் படத்தைப் பிரிண்ட் எடுத்து, கடைக்கு வர்ற பொண்ணுங்ககிட்ட காட்டி எதைப் பிடிக்குதுன்னு கேக்காதீங்க, எதைப் போட மாட்டீங்க, ஏன்னு கேளுங்க. அந்த ஏன்ல இருந்துதான் உங்க ஒரு பக்கக் கேள்வி நல்லாகும்.

மாமனார் பயம் நியாயமான பயம், ஆனா ஆள் தப்பு. மாடல் வெளிய போறது வரையறவங்க வழியா இல்ல, வியாபாரி தட்டு வழியா. சாம்பிள் ஜோடி கைமாறின அன்னைக்கே அது தெருவுக்கு வந்தாச்சு, அதுல இருந்தே டை எடுத்துருவாங்க, இது அவருக்கே தெரியும். சட்டத்துல என்ன வழி இருக்குன்னு சொல்றேன். டிசைன் சட்டம் 2000ன்னு ஒன்னு இருக்கு, கொலுசோட வடிவத்தை அதுல பதியலாம், 10 வருசம் பாதுகாப்பு, அப்புறம் ஒரு 5 வருசம் நீட்டிக்கலாம், தனி ஆள், சிறு நிறுவனம்னா விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபா. ஆனா பதியறதுக்கு முன்னாடி அது எங்கயும் வெளி வந்திருக்கக் கூடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல பெருமைக்குப் போட்டுட்டு அப்புறம் ஆடிட்டரைப் பாத்தா புதுசுங்கிற தகுதியே போயிடும், போட்டி சைட்ல எல்லாரும் பாத்த படத்துக்கும் அதே கதிதான். சரி பதியலன்னா காபிரைட் இருக்கேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, டிசைனா பதிய முடிஞ்ச ஒன்னைப் பதியாம விட்டுட்டு தொழில் முறைல 50 பீஸுக்கு மேல போட்டுட்டீங்கன்னா அந்த காபிரைட்டும் செல்லாது, காபிரைட் சட்டம் 15வது பிரிவு. நமக்கு 50 பீஸ்ங்கிறது 25 ஜோடி, ஒரு வார வேலை. எல்லாத்தையும் பதிய வேணாம், வருசத்துக்கு நல்லா போகும்னு தோணற ஒன்னு ரெண்டு போதும்.

வரையறவங்ககிட்ட ஒரு தாள்ல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. காசு குடுத்து உங்களுக்காக வரையச் சொன்ன கொலுசு டிசைனுக்கு டிசைன் சட்டப்படி நீங்கதான் உரிமையாளர். காசு குடுக்காம "பாத்துட்டு சொல்றேன்"னு வாங்கி வெச்சுக்கிட்ட படம் உங்களுது இல்ல, அதுல இருந்து ஒரு வளைவு எடுத்தாலும் தப்பு, மரியாதையாத் திருப்பிக் குடுத்துருங்க. லோகோ வேற கணக்கு, காபிரைட் சட்டப்படி வெளில இருந்து வரைஞ்சு குடுத்தவங்கதான் முதல் உரிமையாளர், எழுதி வாங்கினாத்தான் உங்க பேருக்கு வரும், எத்தனை வருசம்னு எழுதலன்னா 5 வருசம்னும் எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்கு மட்டும்னும் சட்டம் எடுத்துக்கும். அதனால ரெண்டையும் எழுதுங்க.

அந்த 25,000ஐ எப்படிப் பிரிக்கலாம்னு என் கணக்கு. ஒரே ஆளுக்குப் பரிசா குடுக்கறதுக்குப் பதிலா மூணு பேருக்கு ஆளுக்கு 4,000, ஜெயிச்சாலும் ஜெயிக்காட்டியும், ஆளுக்கு அஞ்சு டிசைன். 12,000 ஆச்சு. வந்த பதினஞ்சுல அண்ணன் ஆகாதுன்னு தள்ளறதைத் தள்ளட்டும், ஆனா ஏன்னு ஒரு வரி சொல்லணும், அதை எழுதி வெச்சுக்கோங்க. மிச்சத்துல நாலு சாம்பிள் செய்யுங்க, நாள் சம்பளத்துக்கும் சேதாரத்துக்கும் 6,000 வெச்சுக்கலாம். அந்த நாலையும் நீங்க, அண்ணன் வீட்டம்மா, மெஹந்திப் பொண்ணுன்னு ஆளுக்கு ஒரு ஜோடி பத்து நாள் வீட்டுக்குள்ள மட்டும் போடுங்க, குளிக்க, தூங்க, படி ஏற எல்லாத்துக்கும், பதியறதுக்கு முன்னாடி வெளிய போட்டுட்டுப் போனாலும் வெளி வந்த கணக்குதான். நாலாவது ஜோடியை யாராவது காலேஜ் பொண்ணுக்கு அதே கண்டிஷனோட குடுங்க. போடறவங்க யாரும் அந்தப் பத்து நாளும் போட்டோ போடக் கூடாது, முதல்லயே சொல்லிருங்க. பத்தாவது நாள் கால்ல தேறி நிக்கற டிசைனுக்கு வரைஞ்சவங்களுக்கு இன்னொரு 5,000, பதியறதுக்கு 1,000. போக 1,000 மிச்சம், டீ செலவு. அதுக்கப்புறம் அந்த மாடல் விக்கற ஒவ்வொரு ஜோடிக்கும் ரெண்டு ரூபாயோ அஞ்சு ரூபாயோ வரைஞ்சவங்களுக்குப் போற மாதிரி ஒத்துக்கிட்டீங்கன்னா, அடுத்த தடவ நல்ல ஐடியா தோணினா அவங்க முதல்ல உங்களுக்குத்தான் போன் பண்ணுவாங்க. மாமனார் இதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டார், முதல் வருசம் விட்டுருங்க.

அப்புறம் அவர் 90ல செஞ்ச மாடல், தர்மபுரி பக்கம் இன்னும் கேக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதை நீங்க கொஞ்சம் சலிப்போட எழுதின மாதிரி இருந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல ஒரு மாடல் ஓடுதுன்னா அதுல என்னமோ இருக்கு தங்கச்சி, எடையா, பூட்டா, சத்தமா, என்னன்னு அவருக்கே தெரியுமோ என்னவோ. அந்த ஜோடி ஒன்னு வீட்ல இருக்கும், மாமியார் கால்லயே இருந்தாலும் இருக்கும். வர்றவங்க யாரா இருந்தாலும் முதல் நாள் பேப்பர் பென்சில் எடுக்கறதுக்கு முன்னாடி அதை அவங்க கைல குடுத்து, மாமனாரைப் பக்கத்துல உக்கார வெச்சு, எப்படி செஞ்சார்னு சொல்லச் சொல்லுங்க. ரெண்டு மணி நேரம் பேசுவார், டீ மட்டும் சரியா வந்துட்டு இருக்கணும்.